அகராதியும் சொல்விலக்கும்: நிக்கோபார் வாய்மொழி பற்றி ஒரு குறிப்பு

எழுத்தில்லா மொழி நினைவை நம்பியே வாழ்கிறது என்பர். மறதியையும் அது விதியாக்கக்கூடும் என்பதற்கு நிக்கோபார்த் தீவுகள் சான்று. நான்கவுரிக் கிளைமொழிக்கு அகராதி தொகுத்த (1884) டி ரோப்ஸ்டார்ஃப், அங்கு கோழி, தீ, வழி முதலிய பொதுச்சொற்களும் ஆட்பெயராக வழங்கியதைக் குறித்துள்ளார். அப்பெயருடையவர் இறந்தால் அச்சொல்லே பேச்சிலிருந்து விலக்கப்படும். பொருளுக்கு வேறு சொல் வழங்கும். கணவன் பெயரை ஒத்த சொல்லைத் தவிர்த்த நம் மூத்த பெண்டிர் வழக்கு இதற்கு அணித்தானது. ஆயின் அது ஒருவரின் நாவோடு நிற்பது. அங்கோ விலக்கு ஊருக்குரியது.

நடுத்தீவுகள் பற்றிய இக்கூற்றைக் கார் நிக்கோபாருக்கு அப்படியே ஏற்றியுரைப்பது பிழை. கார் மொழியின் எழுத்து வரலாறு வேறு. வைட்ஹெட் தொகுத்த அகராதி 1925இல் இரங்கூனில் அச்சாயிற்று. ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் ரோமன் எழுத்தில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். கோயிலில் வாசிக்கப்பெறும் நடையே செம்மை வழக்காகக் கருதப்படும் வாய்ப்பு இதனால் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர் பலர் அந்நடையையே மொழி முழுமையும் எனக் கொள்வது ஏற்கத்தக்கதன்று.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் கரையோர ஊர்கள் உள்நிலத்திற்குப் பெயர்ந்தன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தது. இனி ஒலிப்பதிவு எளிது. அச்சகராதி சொல்லைக் காக்கும். யார், எப்போது சொல்லலாகாது என்பதைக் காட்ட அதில் இடமில்லை. எண்மத் தொகுப்பு அவ்விடத்தைத் தரவியலும். பதிவுதோறும் வழக்குக் குறிப்பு ஒன்றும், ஊரார் வேண்டின் அப்பதிவை மூடிவைக்கும் உரிமையும் தொடக்கத்திலேயே அமைக்கப்பெறல் வேண்டும். பின்னர்ச் சேர்ப்பது அரிது.