காஞ்சி முற்றுகையில் அரிசி என்ன விலை?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலைப் போன மாதம் மூன்றாவது தடவையாகப் படித்தேன். முதல் தடவை படித்தது பத்தாம் வகுப்பு லீவில். அப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது இரண்டாம் பாகம். அதுக்குப் பேரே 'காஞ்சி முற்றுகை', நம்ம ஊர்க் கதை. இந்தத் தடவை அதே பாகத்தில் ஒரு சின்னக் கேள்வி நகரவிடாமல் நிறுத்திடுச்சு: கோட்டைக் கதவை மூடின பிறகு உள்ளே இருந்த ஜனங்க எப்படிப் பிழைச்சாங்க?

கேள்வி எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிடறேன். 2020 ஊரடங்கில் பிள்ளையார்பாளையத்து வீட்டில் இருந்துதான் ஆபீஸ் வேலை பார்த்தேன். எதிர் வீட்டில் இரண்டு தறி. கொஞ்ச நாள் சத்தம் கேட்டது. அப்புறம் பாவு தீர்ந்தது, புது நூல் வரவில்லை, நெய்த புடவையை வாங்கவும் ஆள் இல்லை. ரேஷன் அரிசி கிடைத்தது, கூலிதான் நின்றுபோனது. இதைப் போரோடு ஒப்பிடவில்லை. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. கைத்தொழில் ஊரை மூடினால் முதலில் அடிபடுவது சோறு இல்லை, வேலை. வேலை போயிட்டா, கடையில் அரிசி இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்தக் கண்ணோடு நாவலைப் பார்த்தால், முற்றுகை அங்கே ஒரு சதுரங்க ஆட்டமாக நடக்கிறது. மகேந்திரர் வஜ்ரபாகுவாக வேஷம் போடுகிறார், ஒற்றர்கள் ஓலை கொண்டு ஓடுகிறார்கள், மந்திராலோசனை நடக்கிறது. சாதாரண வீடு என்று பார்த்தால் தேரோட்டி கண்ணபிரானும் கமலியும் இருக்கிறார்கள். ஆனா அந்த வீட்டுப் பேச்சும் பெரும்பாலும் சிவகாமியையும் மாமல்லரையும் சுற்றித்தான் வருது. கடைசியில் பசி முக்கியமான திருப்பமாக வருவது வெளியே இருக்கிற புலிகேசி படைக்கு. உணவு தட்டுப்பாடாகி அவன் சமாதானம் பேசுகிறான், விருந்தாளியாகக் காஞ்சிக்குள் வருகிறான். உள்ளே இருந்தவர்களின் பசி அந்த அளவுக்குக் கதையை நகர்த்துவதில்லை.

இதில் கல்கியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த சாசனங்களே அப்படித்தான். ரவிகீர்த்தி எழுதிய ஐஹொளெ கல்வெட்டு (கி.பி. 634-35), பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்ததாகப் புலிகேசியைப் புகழ்கிறது. காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரன் புள்ளலூரில் பகைவர்களை அழித்ததாகச் சொல்கிறது. பகைவர் யார் என்று பெயர்கூட இல்லை. மாதக்கணக்கில் நீண்ட முற்றுகை கல்கி கட்டியது. சாசனத்தில் இருப்பது ஒரு மதிலும் இரண்டு ராஜாக்களின் பெருமையும்தான். அரிசி விலையை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

தொடர் கல்கி பத்திரிகையில் ஆரம்பித்தது 1944 ஜனவரி. அதே மாதம்தான் 872 நாள் நீடித்த லெனின்கிராடு முற்றுகை முடிந்தது. அங்கே 1941 கடைசியில், வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாள் பங்கு 125 கிராம் ரொட்டி. முற்றுகையின் உண்மையான கணக்கு இந்த மாதிரி எண்ணில்தான் தெரியும். இந்த விவரம் அன்றைய தமிழ் வாசகருக்கு எட்டியிருக்காது. ஆனா 1942-ல் மெட்ராஸைக் காலி செய்து ஓடியவர்களும், 1943 வங்காளப் பஞ்சத்தைப் பேப்பரில் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பசியைப் பற்றி அவர்களுக்குப் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. புத்திசாலி ராஜா ஒருவர் தங்களைக் காப்பாற்றுவதைப் படிக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு இடத்தில் கல்கி சரியாகப் பிடித்திருக்கிறார். காஞ்சியை விட்டுக் கிளம்பும் புலிகேசி, ஆத்திரத்தை மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் மேல் காட்டுகிறான். கிராமங்கள் எரிகின்றன, சிற்பிகளின் கை கால்களை வெட்ட உத்தரவு போகிறது. நம்ம பக்கத்துச் சரித்திரமும் இதைத்தான் சொல்லுது. 1780-ல் அதே புள்ளலூர்ப் பக்கம் பெய்லியின் படை ஹைதர் அலியிடம் அழிந்தது. காஞ்சியில் இருந்த மன்றோ கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். படைக்குப் போக வழி இருந்தது. சுற்றுக் கிராமங்கள் சூறையாடப்பட்டன, அடுத்த இரண்டு வருஷம் மெட்ராஸில் பஞ்சம். மதில் காப்பாற்றுவது உள்ளே இருப்பவர்களை. நெல் விளைவது மதிலுக்கு வெளியே.

என் குறை இதுதான்: இந்த உண்மையைத் தொட்டுவிட்டு, நாவல் அதைச் சபதத்துக்கு விறகாக்கிவிடுகிறது. அந்தச் சிற்பிகள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பின்னுக்குப் போய், வாதாபி எப்போ எரியும் என்பதே கேள்வியாகிறது. நானும் அந்த நெருப்புக்காகத்தான் நூற்றுக்கணக்கான பக்கம் காத்திருந்தேன். பத்தாவது படிக்கிற பையன் கைதட்டினான். வாதாபியிலும் தறி ஓட்டினவன், சட்டி பானை செய்தவன் இருந்திருப்பான் என்று அப்போ தோணவே இல்லை.

முடித்த மறுநாள் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வாதாபி விழுந்து சுமார் நூறு வருஷம் கழித்துச் சாளுக்கியர் திரும்பி வந்து காஞ்சியைப் பிடித்தபோது, இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டச் சொன்னது. கோயில் செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று சொல்கிறது. அதுவும் ராஜா பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்தவன், எரிக்கவில்லை என்பதைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறான்.

சிவகாமியை நாலாவது தடவையும் படிப்பேன். கல்கியின் நடை அப்படி, கீழே வைக்க விடாது. வாதாபி எரியும் இடம் வரும்போது மட்டும் அந்தத் தூணை நினைச்சுக்குவேன்.