பதினோராம் எண் கூண்டு

தமிழில் எல்லோரும் கேட்ட, யாரும் வாசிக்காத ஓர் உரைநடை உண்டு. மன்னார் வளைகுடா, குமரிக்கடல் மற்றும் அதனை ஒட்டிய கடலோரப் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள். நுங்கம்பாக்கத்து மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் கடைசியாக வரும் பத்தி இது. கடற்பகுதியின் பெயர் மாறும், எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும், வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும்.

கொரட்டூர்ல இருக்கிறவனுக்கு இதுல என்ன இருக்கு? எங்க ஸ்டேஷனுக்கு 'பீச்' என்று பெயர் போட்ட வண்டி வரும். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள நேரடி உறவு அவ்வளவுதான். நாளைக்கு ஸ்கூல் லீவா, ஏரி நிரம்புமா, இது வரைக்கும் காது திறந்திருக்கும். மீனவர் பத்தி ஆரம்பித்ததும் சேனல் மாறிவிடும். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். பிறகு ஒரு நாவலையோ கவிதையையோ வாசிப்பதுபோல இந்தப் பத்தியை வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார் என்று பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

முதலில் வினைச்சொல். 'அறிவுறுத்தப்படுகிறார்கள்.' அறிவுறுத்துபவர் வாக்கியத்தில் இல்லை. மீனவர் இருக்கிறார், ஆனால் அவரிடம் யாரும் பேசவில்லை; அவரைப் பற்றி நம்மிடம் பேசுகிறார்கள். அடுத்தது, என்ன விடுபட்டிருக்கிறது என்பது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பெரும்பாலும் இருக்காது. தரையில் இருப்பவனுக்கு மணிக்கு 55 கிலோமீட்டர் என்றால் 55 கிலோமீட்டர்தான், மரக்கிளை முறியுமா முறியாதா என்பதுதான் கேள்வி. வள்ளத்தில் இருப்பவனுக்கு அது மேற்கிலிருந்து வரும் கச்சானா, வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கே எழும் கொண்டலா, தெற்கத்திச் சோழகமா என்பதுதான் முதல் செய்தி. சோழமண்டலக் கரையில் மேல்காற்று படகை வெளியே தள்ளும். கொண்டல் அலையைக் கரைமேல் அடித்து, படகு ஏறும் இடத்தையே கெடுக்கும். ஒரே வேகம், ரெண்டு விதமான ஆபத்து. நாலு காற்றுக்கும் நாலு பெயர் வைத்திருக்கும் மொழியில் எழுதப்படும் அறிக்கை, நாலையும் 'சூறாவளிக்காற்று' என்ற ஒற்றைச் சொல்லில் போட்டு மூடிவிடுகிறது.

கப்பல்களுக்காக ஆங்கிலத்தில் வெளியாகும் கடல் அறிக்கைகளில் திசை, கடலின் நிலை, பார்வைத் தூரம் எல்லாம் உண்டு. அதாவது விவரம் அலுவலகத்தில் இருக்கிறது. தமிழில் மீனவருக்கு வரும்போது விவரம் கழிந்து உத்தரவு மட்டும் மிஞ்சுகிறது.

பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் ஒரு பிரதி, பிபிசி வானொலியின் கப்பல் வானிலை அறிக்கை. 31 கடற்பகுதிகளின் பெயர், காற்றின் திசை, வலு, கடல், பார்வைத்தூரம்: இவ்வளவுதான் அது. போ என்றும் சொல்லாது, போகாதே என்றும் சொல்லாது. முடிவு படகோட்டியுடையது. அந்த வறண்ட பட்டியல்தான் சீமஸ் ஹீனியின் ஒரு சானெட்டுக்குள் போனது, கரோல் ஆன் டஃபியின் ஒரு கவிதையில் பிரார்த்தனையாக மாறியது. இதற்கு அந்தக் கடற்பெயர்களின் ஓசை ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் படுவது வேறொன்று: கேட்பவரை அறிவுள்ளவராக மதிக்கும் உரைநடையில்தான் கவிதைக்கு இடம் கிடைக்கிறது. நம் அறிக்கையை வைத்து நல்ல கவிதை எழுத முடியாது. பகடி எழுதலாம்.

'அவங்க போட் வேற, நம்ம கட்டுமரம் வேற, சொன்னா புரியாது' என்று சிலர் சொல்வார்கள். இதற்குப் பதில் புதுச்சேரிப் பக்கமே இருக்கிறது. 1990களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கோ இருக்கும் ராணுவத்தின் கணக்கு, மீன் ஏலம் நடக்கும் கரையில், நம்ம பேச்சுத்தமிழில். இவ்வளவு உயரம் என்று சொன்னால் போதும், இறங்குவதா வேண்டாமா என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார். 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமம் தப்பியதும் இப்படி ஓர் ஒலிபெருக்கியால்தான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் போட்டுச் சொல்ல, ஊர் முழுக்க அறிவித்தார்கள்.

*

'போக வேண்டாம்' என்ற வாக்கியம் ஏற்கெனவே போனவனுக்கு என்ன சொல்கிறது? ஒக்கி வந்தபோது இந்தக் கேள்வி நூற்றுக்கணக்கான உயிர்களின் கேள்வியானது.

குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில், நீரோடி முதல் இரையுமன்துறை வரை வரிசையாக எட்டு ஊர்கள். தூத்தூர் வட்டாரம் என்பார்கள். அங்கிருந்து போகும் ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல்மைல் தாண்டினால் கிடைக்காது. இவர்கள் நிற்பது நூற்றுக்கணக்கான கடல்மைலுக்கு அப்பால். 2017 நவம்பர் 29 அன்று அறிக்கையில் இருந்த சொல் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. 'புயல்' என்ற சொல் வந்தது 30ஆம் தேதி காலையில்தான். அப்போது அது குமரிக்கடலிலேயே இருந்தது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அப்புறம்தான் புயல். முதல் மூன்றும் பாரமானியைப் பார்த்து வைத்த பெயர்கள். அறிவியலாகச் சரிதான், அழுத்தம் குறைகிறது. தமிழ்க் காதில் 'தாழ்வு' என்ன ஒலி எழுப்புகிறது? தணிந்தது, குறைந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று. ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தில் காற்று மணிக்கு 50லிருந்து 61 கிலோமீட்டர். 62ஐத் தொட்டால் புயல். வகைப்படுத்துபவருக்கு அந்த ஒரு கிலோமீட்டர் ஒரு கோடு. சின்னப் படகுக்குக் கோட்டின் ரெண்டு பக்கமும் சாவுதான். ஆனால் ஊர் அசைவது, கலெக்டர் அசைவது, டிவி அசைவது எல்லாம் 'புயல்' என்ற சொல் வந்த பிறகே. ஒக்கிக்குப் பிறகு யார் எப்போது எச்சரித்தார் என்று அரசுகளும் துறைகளும் வாதாடின. எச்சரிக்கை எந்தத் தமிழில் எழுதப்பட்டது என்பது அந்த வாதத்தில் வரவே இல்லை.

புயல் உறுதியானால் 'ஆழ்கடலில் உள்ளவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்' என்ற வரியும் சேர்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கரை? நாலு நாள் ஓட்டத்தில் இருக்கும் படகுக்குச் சொந்த ஊர் புயலின் பாதையிலேயே இருக்கலாம். ஒக்கியில் பிழைத்த பல படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் குஜராத்தின் வெராவலிலும் போய் ஒதுங்கின. நல்ல எச்சரிக்கை என்றால் ஓட வேண்டிய திசையைச் சொல்ல வேண்டும்.

*

அறிக்கையை மட்டும் திட்டினால் நியாயமாக இருக்காது. நம் இலக்கியமும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கடலுக்குள் போனவன் கவிதைக்கு வெளியே; கரையில், புன்னைமரத்தடியில், காத்திருப்பவள் உள்ளே. அரசு 'போகாதே' என்கிறது, கவிதை 'இன்னும் வரலையே' என்கிறது. ரெண்டுக்கும் நடுவில் அந்த ஆள் தண்ணீரில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது எழுதப்படாமல் நழுவிவிடுகிறது. வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோனைக் காற்றை வேலைவாங்கிக் கலம் செலுத்தியவனாகச் சொல்வது அபூர்வமான இடம், ஆனால் அங்கேயும் பெருமை அரசனுக்கே. பாய்மரக் கயிற்றைப் பிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது.

நவீன இலக்கியத்தில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) எனக்கு மிகப் பிடித்த நாவல். வள்ளமும் லாஞ்சும் மோதிக்கொள்வதை அவ்வளவு அமைதியாக எழுத வேறு ஆள் இல்லை. ஆனாலும் அதில் காற்று வீசுவது மனுஷர்களுக்குள். ஈழத்தில் செங்கை ஆழியான் 1973லேயே 'வாடைக்காற்று' என்று நாவலுக்குப் பெயர் வைத்துவிட்டார். நெடுந்தீவுக்கு வாடை அடிக்கும் பருவத்தில் மீன்பிடிக்க வந்து வாடி போடும் ஆட்களின் கதை. காற்று அங்கே பின்னணி ஓவியம் கிடையாது. அதுதான் காலண்டர், பிழைப்பு, வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டிய தேதி. பெரிய கலைப்படைப்பா என்றால் தயங்குவேன், சினிமாத்தனம் நிறைய. ஆனால் வானிலையைக் கதையின் எலும்பாக வைத்த துணிச்சலுக்காக அதைத் திரும்பப் படிக்கலாம். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இன்னும் ஒரு அடி மேலே போகிறது. கடலில் தத்தளிக்கும் மூன்று பேரை நடுவில் வைத்து, அவர்களைச் சுற்றித் தலைமுறைகளின் கதையைக் கட்டுகிறார். கதை சொல்பவர் கரையை விட்டு இறங்கித் தண்ணிக்குள்ள நிக்கிறார். அகராதி இல்லாமல் புரியவில்லை என்று அந்த நாவலைப் பாதியில் வைத்த நண்பர்கள் எனக்கு நிறைய. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இத்தனை சொல்லா என்று அலுத்துக்கொண்டார்கள். அத்தனை சொல்லும் இல்லாமல்போனால் மிஞ்சுவது 'சூறாவளிக்காற்று வீசக்கூடும்' மட்டுமே.

கடலோர மக்களின் சொல் அரசு அறிக்கைக்குள் ஏறிய ஒரு சம்பவம் உண்டு. கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர்: காற்றில்லை, மேகமில்லை, வானம் பளிச்சென்று இருக்கும், திடீரென்று கடல் கரைமேல் ஏறும். திருடன் மாதிரி வரும் கடல். தூரத்துத் தெற்குப் பெருங்கடலில் எழும் புயல் கிளப்பிய நெடிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து உடைவதுதான் காரணம். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றது. ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இப்போது இந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுகிறது. நம் டிவியில் முதலில் வந்தபோது அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. 2024 மே மாதம் எச்சரிக்கை அமலில் இருந்தபோதே, 6ஆம் தேதி, குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பேர் அலையில் போனார்கள். கரையில் நின்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர் அதிகம் தேவைப்படுகிறது. வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதே என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'உயரலை எச்சரிக்கை' என்று சொன்னால் அது வராது.

ஓதத்தைப் பற்றியும் ரெண்டு வரி. சென்னையில் ஏற்றவற்றத்தின் வீச்சு ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டர் வரை போகும். அதனால் நமக்கு அது கவனத்திலேயே இல்லை. ஆனால் கூவமும் கொசஸ்தலையும் கடலில் சேரும் வாயில் அந்த ஒரு மீட்டரும் கணக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையருகே நின்றபோது கடல் மட்டம் உயர்ந்து முகத்துவாரங்களில் வெள்ளம் வடியத் தாமதமானது. கொரட்டூர் வீடுகளில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் மேகத்தைத்தான் சபித்தார்கள். சபித்ததில் கொஞ்சம் கடலுக்கும் சேர வேண்டியது.

*

கடைசியாகக் கூண்டு. 'துறைமுகத்தில் 5ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதற்கு வேர் லண்டனில் இருக்கிறது. டார்வின் போன பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய், 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு, 1861இல் தந்தி வழியாகத் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். துறைமுகக் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். படகுகளைக் கரையில் முடக்குகிறான் என்று மீன்பிடி முதலாளிகள் அவரைத் திட்டினார்கள்.

நம் கூண்டு எண்களை எல்லோரும் ரிக்டர் அளவுகோல் மாதிரி வாசிக்கிறார்கள்: 5ஐ விட 6 பெரிசு, 6ஐ விட 7 பெரிசு. செய்தி வாசிப்பவர் குரலும் அப்படியே ஏறும். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் வரும் என்றால் 5, வலப்பக்கம் என்றால் 6, நேரே அல்லது மிக அருகே கடக்கும் என்றால் 7. நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி வரும் புயலுக்குச் சென்னை இடப்பக்கம் இருந்தால் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். வலப்பக்கம் இருந்தால் கடலிலிருந்து கரைக்கு, கடலையே தள்ளிக்கொண்டு. அறிக்கையில் காணாமல்போன திசை முழுக்க இந்த எண்களில் இருக்கிறது. 8, 9, 10 இதே மூன்றும் பேராபத்து நிலையில்.

பட்டியல் 10இல் முடியவில்லை. 11ஆம் எண் ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். வரைபடம் இல்லை, செயற்கைக்கோள் இல்லை, நுங்கம்பாக்கத்திலிருந்து பத்தி இல்லை. ஒருவர் கடலைப் பார்க்கிறார், காற்றை முகத்தில் வாங்குகிறார், கம்பத்தில் கூண்டை ஏற்றச் சொல்கிறார். தூத்தூர்க்காரர்கள் கடலுக்குள் வாரக்கணக்கில் வாழ்வது இந்த நிலையில்தான். அவர்களுக்கு ஏற்றிக்காட்டக் கம்பம் கிடையாது.