ஏரிக்கரைப் பட்டறையில் ஸ்பிண்டிலைப் பிரிக்கலாமா?

பழவேற்காடு ஏரியையொட்டிய சுண்ணாம்புக்குளத்தில் வீட்டுக் கொல்லையில் பழைய எச்எம்டி மில்லிங் மிஷின் ஒன்றை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். படகு எஞ்சினின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கீவே வெட்டுவது, எஞ்சின் உட்காரும் தட்டைச் சமப்படுத்துவது, இவைதான் அவருடைய அன்றாட வேலை. ஒருநாள் கட்டர் சத்தத்தோடு அதிர ஆரம்பிக்கிறது, வெட்டிய இடத்தில் அலை அலையாக வரி விழுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவரைக் கேட்டால், "ஸ்பிண்டிலைத் தொடாதே, அனுப்பிவிடு" என்பார். தெருமுனை ஃபிட்டரோ, "சாயங்காலத்துக்குள் பேரிங் மாத்திடலாம்" என்பார். இரண்டையும் அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கும் குப்பங்களில் மீன்பிடி இடங்களை முறை வைத்துத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். முறை வந்த நாளில் ஷாஃப்ட் பட்டறையில் கிடந்தால், அன்றைய பாடு போனது போனதுதான். அதனால் பழுதுக்கு ஆகும் பணத்தோடு நாட்களையும் தராசில் வைத்தாக வேண்டும்.

முதல் கேள்வி, கோளாறு கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில்தான் இருக்கிறதா என்பது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் முதலில் பெல்ட்டையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும். நிற்கவில்லையென்றால் டயல் கேஜின் முனையை, ஆர்பர் செருகும் டேப்பருக்கு உள்ளே வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முள் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கினால் டேப்பர் மையம் விலகியிருக்கிறது. சுற்றுக்குச் சுற்று வேறு வேறு எண் காட்டினால் சந்தேகம் பேரிங் மேல் விழும். மரக்கட்டையால் பக்கவாட்டில் நெம்பிவிட்டபின் முள் பழைய இடத்துக்கு வரவில்லையா, அது ஆட்டம். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். இதைச் செய்யாமல் நட்டில் ஸ்பேனரை வைப்பவரை எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது, எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது. இவ்வகை மிஷின்களில் டெஸ்ட் பார் மாட்டிச் சுற்றினால் ஸ்பிண்டிலின் மூக்கருகே 0.01 மில்லிமீட்டர், 300 மில்லிமீட்டர் தள்ளி 0.02 என்பதுதான் வழக்கமான வரம்பு. கீவே வெட்டுபவருக்கு மூக்கில் 0.03 வந்தாலும் படகு ஓடும். ஆட்டமும் அதிர்வும் இல்லாதவரை அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு பேரிங் மாற்றுவது வீண். கியர் பெட்டிக்குத் துளை போரிங் செய்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

பேரிங் மாற்றியே ஆக வேண்டும் என்றால், வீட்டுப் பழுதுக்கு எதிரான வலுவான வாதம் இங்கேதான் எழுகிறது. 35 மில்லிமீட்டர் துளை உள்ள பேரிங்கில், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தரத்தில் உள்வளையமே 15 மைக்ரான் வரை விலகிச் சுற்றலாம். பி5 தரத்தில் அது 5, பி4 தரத்தில் 4. மிஷின் முழுவதற்கும் மூக்கருகே அனுமதித்த விலகல் 10 மைக்ரான். ஒற்றைப் பேரிங்கே 15-ஐ எடுத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எப்படித் தேறும்? பி5-ஐவிடத் தாழ்ந்த தரத்தில் வாங்குவதானால் பிரிக்காமல் இருப்பதே மேல். ஜோடியாக வரும் பேரிங்குகளின் வெளிவளையத்தில் இருக்கும் 'வி' குறியைப் பார்த்து, எந்த முகம் எந்தப் பக்கம் என்று வைக்க வேண்டும். நடுவில் வரும் ஸ்பேசர்கள் கழற்றிய வரிசையிலேயே திரும்ப ஏற வேண்டும். இந்தப் பொறுமைக்குத் தொழிற்சாலை தேவையில்லை. சொல்லப்போனால், மணிக்கணக்கில் கூலி ஓடாத வீட்டுப் பட்டறையில்தான் இதற்கு நேரம் இருக்கிறது.

ஏற்றுவதிலும் அப்படித்தான். அறை வெப்பத்தைவிட 60 டிகிரி கூடச் சூடாக்கினால் 35 மில்லிமீட்டர் துளை 25 மைக்ரான் விரியும். பேரிங் தானாக வழுக்கி உட்காரும். 110 டிகிரியைத் தாண்ட வேண்டாம், தீயை நேராகக் காட்டவும் வேண்டாம். சுத்தியலால் வெளிவளையத்தில் தட்டி உள்வளையத்தை ஏற்றினால், அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் இறங்கும். புதுப் பேரிங்கின் ஓடுபாதையில் முதல் நாளே குழி விழுந்துவிடும். கிரீஸ் உள்ளிருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அள்ளித் திணித்தால் ஸ்பிண்டில் கொதிக்கும்.

இதுவரை வீட்டுக்காரர் பக்கம் பேசினேன். டேப்பருக்கு வந்தால் அவர் பக்கம் நிற்க முடியாது. துருப் பிடித்த டேப்பருக்குள் விரலில் உப்புத்தாளைச் சுற்றி விட்டுத் தேய்ப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். எங்கே எவ்வளவு தேய்ந்தது என்று விரலுக்குத் தெரியாது. 7/24 சரிவுள்ள டேப்பரில் விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினால் கட்டரைத் தாங்கும் ஆர்பர் 0.34 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அதுவும் ஒரே சீராகத் தேய்ந்தால்தான். சீராகத் தேயாவிட்டால் ஆர்பர் ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். நல்ல ஆர்பரில் நீலம் தடவிப் பொருத்திப் பார்த்து, எழும்பி நிற்கும் பிசிறை மட்டும் மெல்லிய எண்ணெய்க்கல்லால் எடுப்பதோடு வீட்டு வேலை முடிகிறது. குழி விழுந்த டேப்பர் கிரைண்டிங் செய்பவரிடம்தான் போக வேண்டும்.

பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் சென்டர் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்குகிறார்களே, அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. குத்திய மேடுகள் சில நாட்களில் நசுங்கும், பேரிங் கோணலாகும், அடுத்தவர் வந்து இன்னும் ஆழமாகக் குத்துவார். ஹார்ட் குரோம் ஏற்றி அளவுக்கு கிரைண்டிங் செய்வதே சரி. அது சென்னையில் நடக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு தராசை வீட்டுப் பக்கம் சாய்ப்பது உப்புத்தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் மிஷின்கள் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூருக்கு அதே கதி. ஏரிக்கரையில் உள்ளே புகும் தண்ணீரில் உப்பும் கலந்திருக்கும். நனைந்த ஸ்பிண்டில் வழவழவென்று சுற்றுகிறதே என்று ஏமாறக்கூடாது. கிரீஸுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஒவ்வொரு குண்டும் தொட்டு நிற்கும் இடத்தில் துரு குழி பறித்துக்கொண்டிருக்கும். லாரி கிடைத்து, சென்னை போய், வரிசையில் காத்திருக்கும் நாட்களில் பேரிங் மட்டுமல்லாமல் ஷாஃப்ட்டும் டேப்பரும் சேர்ந்து கெடும். அன்றைக்கே பிரித்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெய் பூசி வைப்பவர்தான் ஸ்பிண்டிலைக் காப்பாற்றுகிறார். பிரிக்கத் தெரியாதவர் காத்திருந்தே அதை இழக்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு: சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஸ்பிண்டிலைப் பிரிக்கலாம், பிரிக்கக் கற்றே ஆக வேண்டும். அளப்பது, கழுவுவது, பி5 பேரிங் ஏற்றுவது அவருடைய வேலை. கிரைண்டிங் கல் பட வேண்டிய எதுவும் அவருடையதல்ல. அப்போதும் மிஷினை அசைக்காமல் ஸ்பிண்டிலை மட்டும் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பலாம். மாட்டியபின் மிகக் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, மூக்கில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்து, வேகத்தைப் படிப்படியாக ஏற்றட்டும். ஐப்பசி பிறந்ததும், வேலை இல்லாத ராத்திரிகளில், டேப்பர் அளவுக்குக் கடைந்த மரக்கட்டை ஒன்றை எண்ணெயில் தோய்த்து மூக்கில் செருகி வைக்கட்டும்.