எத்தனை அங்குலம் போதும்?

அந்தமானின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் ஒரு படகு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கேட்டால், அது எந்தத் தண்ணீருக்குப் போகிறது, எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்பதைச் சொல்லாமல் விடை கிடைக்காது. ஓடைக்குள் வளைந்து திரும்ப வேண்டிய சின்ன டுங்கிப் படகுக்குக் கூடுதல் நீளம் தொல்லை; வெளிக்கடல் அலையில் அதே நீளம் துணை. ஆழ்ந்த பொடிப்பனியில் மலையேறும் ஸ்னோமொபைலின் அடியில் சுழலும் ரப்பர் டிராக்குக்கும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். அந்தமானில் பனிக்கு இடமில்லை. தீவுகளிலேயே உயரமான சாடில் பீக் 732 மீட்டர்தான். இந்தியாவில் இந்த வண்டியை நினைத்துப் பார்க்கப் பொருத்தமான இடம் காஷ்மீரின் குல்மார்க். 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் புல்வெளியிலிருந்து கேபிள் கார் ஏறி அஃபர்வத் மலையின் தோளில் ஏறத்தாழ 4,000 மீட்டரைத் தொடலாம். அங்கே ஸ்னோ ஸ்கூட்டர் என்று அழைக்கப்படும் இந்த வண்டியில் சுற்றுலாப் பயணிகள் அமர்ந்து ஒரு வட்டம் போய்வருகிறார்கள். அந்த மிதித்த பாதையை விட்டு, யாரும் தொடாத பனிக்குள் ஒருவர் வண்டியைத் திருப்ப நினைத்தால் எத்தனை அங்குல டிராக் வேண்டும்? நீளம் கூடினால் எல்லாம் கூடும் என்பது பரவலான எண்ணம். தன் எடையோடு, தன் மலையின் பனியில், நடை வேகத்திலும் அமிழ்ந்துவிடாமல் நிற்கிற மிகக் குறைந்த நீளமே சரியான நீளம் என்பது என் கட்சி.

இந்த அளவுகளைப் புரிந்துகொள்ள வண்டியின் தோற்றத்திலிருந்து தொடங்கலாம். கனடாவின் கியூபெக்கில் உள்ள வால்கோர்ட்டைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியே 1934 குளிர்காலத்தில், பனி அடைத்த சாலையால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தன் சின்ன மகனைப் பறிகொடுத்தவர். 1937இல் பற்சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஸ்கி-டூ என்ற சிறுவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முன்னால் திசை காட்ட இரண்டு ஸ்கீ, பின்னால் உந்தித் தள்ள ஒரே ஒரு டிராக் என்ற அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. சீரான பாதைக்கான வண்டிகளில் டிராக்கின் சுற்றளவு 121, 129, 137 அங்குலம். மலைக்கானவை 146இல் தொடங்கி, 154 அல்லது 155, பிறகு 165, அதற்கும் மேலே 175 என்று நீள்கின்றன. இந்த எண்கள் வளையத்தின் முழுச் சுற்றளவைச் சொல்கின்றன என்பதை வாங்குகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். வளையத்தின் மேற்பாதி எப்போதும் காற்றில் இருக்கிறது. 154இலிருந்து 165க்குப் போனால் 11 அங்குலம் கூடியதாகத் தோன்றும். பனியைத் தொடும் பக்கத்தில் கூடுவது அதில் பாதி, ஐந்தரை அங்குலம். டிராக் 16 அங்குல அகலம் என்றால் 88 சதுர அங்குலம் கூடுதல் பரப்பு. பனியைத் தொடும் மொத்தப் பரப்பில் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மற்ற கணக்கெல்லாம் இந்தப் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான்.

பொடிப்பனியின் இயல்பை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குளிர்ந்த காற்றில் விழுந்த புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவாகவே எடை இருக்கும். தண்ணீர் 1,000 கிலோ. நடந்து போகிற மனிதன் இடுப்புவரை புதைகிற அந்தப் பனியின் மேல், ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்து 350 கிலோ வரும் ஒரு வண்டி மிதக்கக் காரணம், டிராக் அந்தச் சுமையைப் பரப்பிக் கொடுப்பதுதான். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டுக்கும் குறைவான அழுத்தம்; நடப்பவரின் பாதம் தரும் அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. ஆனால் பரப்பு பாதிக் கதை. மீதியை வேகம் செய்கிறது. வேகமாகப் போகிற டிராக், பனி நசுங்கி இறங்குவதற்குள் அதைக் கடந்துவிடுகிறது. அதனால் போதிய சக்தியும் திறந்த வெளியும் இருந்தால் 146 அங்குல வண்டிகூட ஆழ்ந்த பனியில் ஓடும். சிக்கல் வேகம் குறையும்போதுதான் வருகிறது. நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ரப்பர்ப் பற்கள் பனியைத் தோண்டிப் பின்னால் எறியும்; வால் இறங்கும், மூக்கு எழும்பும், வண்டி தானே வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். நீண்ட டிராக் அந்த இறக்கத்தைத் தாமதப்படுத்துகிறது; மூக்கு எழும் கோணத்தையும் குறைக்கிறது. ஆகவே நீளத்தை உயரம் ஏறும் திறனாக மட்டும் பார்ப்பது அதைக் குறைத்து மதிப்பது. ஆழ்ந்த பனியில் மெதுவாகப் போகவும், தயங்கவும், ஒரு மரத்துக்கு முன்னால் யோசித்துத் திரும்பவும் அது இடம் கொடுக்கிறது. நல்ல ஓட்டுநரின் கையில் இந்த நிதானம் ஒரு அழகு. எஞ்சின் அலறாமல், பனிப்புழுதி தலைக்கு மேல் எழாமல், வண்டி தன் எடையை மறந்ததுபோல் சரிவில் ஏறிப்போகும்.

பரப்புதான் வேண்டும் என்றால் அகலத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 20, 24 அங்குல அகல டிராக் கொண்ட வண்டிகள் உண்டு. பொருள் இழுக்கவும் ஆள் ஏற்றவும் அவையே பொருத்தம். சியாச்சினில் பொருள் சுமக்கவும், அன்டார்க்டிகாவின் மைத்ரி, பாரதி என்ற இந்திய நிலையங்களைச் சுற்றிய பணிகளுக்கும், குல்மார்க்கில் இருவரை உட்காரவைத்து இறுகிய பாதையில் ஓட்டவும் வேண்டியது நிலைத்தன்மை. மலைச்சரிவின் குறுக்கே போகிறவருக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். அங்கே வண்டியை மலைப்பக்கம் சாய்த்து, டிராக்கின் ஒரு விளிம்பைப் பனிக்குள் பதித்து, அந்த விளிம்பின் மேலேயே ஓட்ட வேண்டும். அகலமான டிராக் சாய மறுத்துச் சரிவோடு படுத்துக்கொள்ளும். வண்டி கீழ்நோக்கி வழுக்கும். 15, 16 அங்குல அகலத்தில் நிறுத்திக்கொண்டு நீளத்தில் பரப்பைத் தேடியதற்குக் காரணம் இதுதான். மலைவண்டிகளின் ஒடுங்கி நீண்ட உருவம் வெறும் தோரணைக்காக வந்ததல்ல; மிதக்கவும் வேண்டும், சாயவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவை செதுக்கிய உருவம் அது.

பல்லின் உயரத்தைக் கூட்டினால் நீளம் தேவையில்லை என்பது இரண்டாவது வாதம். இரண்டரை அங்குலப் பல்லுக்குப் பதில் மூன்று அங்குலப் பல் போட்டால் துடுப்பு பெரிதாகிறது, உந்துதல் கூடுகிறது, உண்மை. ஆனால் உந்துவதும் தாங்குவதும் வேறு வேறு வேலை. ஓட்டம் நிற்காதவரை உயரமான பல் வண்டியைத் தூக்கிக் கொடுக்கும். வேகம் தளர்ந்ததும் அதே பல்தான் வேகமாகப் பள்ளம் பறிக்கும். வசந்தத்தில் இறுகிப்போன பனியில் நீண்ட பல் மடங்குகிறது, எஞ்சினின் சக்தியை வீணே தின்கிறது. டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளும் எஞ்சினின் குளிர்விப்பானும், டிராக் தூக்கி எறியும் பனியை நம்பித்தான் குளிர்ச்சியாக இருக்கின்றன. கெட்டிப்பனியில் அந்தத் தூவல் குறைய, சூடு ஏறும். குளிர்காலத் தொடக்கத்தில் பொடியும் மார்ச்சில் கெட்டியும் என்று மாறுகிற மலையில், இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட பல் போதும் என்பேன்.

வலுவான ஆட்சேபம் காற்றிலிருந்து வருகிறது. குல்மார்க் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. அஃபர்வத்தின் மேலே மூன்றில் ஒரு பங்கு. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு சரியும். கடல்மட்டத்தில் 165 குதிரைத்திறன் தருகிற 850 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், மேலே சுமார் 110தான் தரும். இப்படி மூச்சு வாங்கும் எஞ்சினிடம் இன்னும் நீளமான, கனமான டிராக்கைச் சுழற்றச் சொல்வது சரியா? ஓரளவுக்குச் சரிதான். ஏனென்றால் சக்தி குறைந்த இடத்தில் வேகத்தால் மிதக்கும் வழி முதலில் அடைபடுகிறது. பரப்பால் மிதப்பதுதான் மிச்சம். ஐந்தரை அங்குலத்துக்காகக் கூடும் ரப்பரின் எடை சில கிலோதான். கியர் விகிதத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால் எஞ்சின் அதைச் சமாளிக்கும். ஆனால் இந்தப் பதில் 165 வரை செல்லும், 175க்குச் செல்லாது. அந்த நீளத்தை உயரத்தில் உயிரோடு சுழற்ற டர்போ வேண்டும். ஆலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் மலைவண்டியை ஸ்கி-டூ 2020 மாடலில் கொண்டுவந்த பிறகுதான், உயரத்தில் மிக நீண்ட டிராக்குக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

இந்தத் தேர்வில் எல்லாரும் எஞ்சினையும் மலையையும் அளக்கிறார்கள், தங்களை அளப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. எரிபொருள் நிரப்பிய மலைவண்டி 245 கிலோ, உடையும் பையும் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஓட்டுநரோடு மொத்தம் 320. 100 கிலோ ஓட்டுநரோடு 360. வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு. 154க்கும் 165க்கும் இடையே பரப்பில் கூடுவதோ பத்தில் ஒரு பங்குக்குள். அதாவது 154இல் நிற்கும் 60 கிலோக்காரர், 165இல் நிற்கும் 100 கிலோக்காரரைவிடச் சற்று லேசாகவே பனியை அழுத்துகிறார். “குறைந்தது 165” என்று அமெரிக்க ராக்கி மலைக்காரர் ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் தன் உடம்புக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம். நம் ஊர் ஒல்லி உடம்புக்கு அது தேவையற்ற சுமை. தேவைக்கு மேல் மிதப்பதில் என்ன கெடுதல் என்றால், சாய்க்க முடியாமல் போவதுதான். இந்த வண்டியை ஹேண்டில்பாரால் திருப்புவதைவிட உடல் எடையால்தான் திருப்புகிறார்கள். ஓட்டுநர் ஒரே பக்கத்துக் கால்பலகையில் நின்று, ஸ்கீயை எதிர்ப்பக்கம் திருப்பி, வண்டியைத் தன்மேல் சாய்த்துக்கொள்கிறார். லேசான உடம்புக்கு நீண்ட டிராக் ஒவ்வொரு சாய்வுக்கும் கூடுதல் கூலி கேட்கும். ஒரு நாளின் பிற்பகலில் அந்தக் கூலி களைப்பாக வந்து நிற்கும், களைத்தவர் மரத்தை நோக்கிப் போகிறார்.

அடுத்தது பனி. இமயப் பனியை ஆராய்ந்த நம் ஆய்வாளர்கள் அதை மூன்று மண்டலமாகப் பிரிக்கிறார்கள்: பீர் பஞ்சால் அடங்கிய கீழ்மண்டலம், பெரிய இமயத்தின் நடுமண்டலம், காரகோரத்தின் மேல்மண்டலம். 1969இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் இந்த அறிவைச் சேர்த்ததில் முதன்மையானது. 2020இல் அது வேறொரு பாதுகாப்பு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டது. குல்மார்க் பீர் பஞ்சாலில் இருக்கிறது. மேற்கிலிருந்து ஈரம் சுமந்துவரும் காற்றுச் சுழல்கள் அங்கே நிறையப் பனியைக் கொட்டுகின்றன. ஆனால் வெப்பம் ஒப்பீட்டளவில் அதிகம், எனவே விழுந்த பனி விரைவில் படிந்து இறுகுகிறது. புயல் முடிந்த உடனேயும் மேற்சரிவுகளிலும் பொடி ஆழமாகவே இருக்கும். அது நெடுநாள் தங்காது. காரகோரத்தின் கடுங்குளிரில் அந்த இறுகல் மெதுவாக நடக்கும். இரண்டும் இமயமே என்று ஒரே நீளத்தைச் சிபாரிசு செய்வது பனியைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்ப்பது. கீழே ஊசியிலைக் காட்டுக்குள் இரண்டு மரத்துக்கு நடுவே வண்டி திரும்ப வேண்டும். மேலே கிண்ணம்போல் குழிந்த திறந்த சரிவு. காட்டையும் கிண்ணத்தையும் ஒரே நாளில் தொடுகிற குல்மார்க்கில், சராசரி இந்திய எடையுள்ளவருக்கு 154 அல்லது 155தான் என் தேர்வு. 90 கிலோவைத் தாண்டியவரும், மீட்புப் பொருள்களோடு போகிறவரும் 165ஐ எடுக்கட்டும். அவர்களுக்கு அது ஆடம்பரம் ஆகாது.

நீளம் பாதுகாப்பு என்ற கடைசி வாதத்தைத் தயவு செய்து யாரும் நம்ப வேண்டாம். புதையாமல் இருப்பது ஒருவகைப் பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் நீண்ட டிராக் இன்னும் செங்குத்தான சரிவில் ஏற்றிவிடும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் கிளம்புவது 30 முதல் 45 பாகைச் சரிவுகளில். யார் உயரமாகத் தடம் பதிப்பது என்று அங்கே ஏறுகிறவர்கள் பனிச்சரிவில் சிக்கிய கதை வட அமெரிக்க மலைகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அஃபர்வத்திலேயே 2023 பிப்ரவரியில் பனிச்சரிவு போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவரைக் கொன்றது. அவர்களிடம் எஞ்சின்கூட இல்லை. புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவும் கோல், இவற்றைப் பழகிய துணை ஆகியவற்றின் இடத்தைப் பத்து அங்குல ரப்பர் நிரப்பாது. நீளத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை முதலில் இவற்றுக்கு ஒதுக்குவது நல்லது. அதற்காக நீளத்தைப் பற்றிய முடிவைத் தள்ளிப்போடவும் முடியாது; டிராக்கைப் பிறகு நீட்டுவது எளிய வேலையல்ல. டிராக்கைத் தாங்கும் தண்டவாளத்தை நீட்ட வேண்டும், பின்கூட்டைக் கூட்ட வேண்டும், சஸ்பென்ஷனை மறுபடி பொருத்த வேண்டும். செலவும் எடையும் ஏறும். வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டிய விஷயம் இது. கடைக்குப் போகும் முன் முழு உடுப்போடும் பையோடும் ஒரு எடைமேடையில் ஏறி நிற்பது, எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட அந்த முடிவுக்கு அதிகம் உதவும்.