பிளாக் மவுண்டன் கல்லூரியின் அன்றாட வாழ்வு ஒளிப்படங்கள்

பிளாக் மவுண்டன் கல்லூரி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகருக்கு அருகே மலைகளுக்கு நடுவில் 1933 முதல் 1957 வரை இயங்கியது. ஃபுளோரிடாவிலுள்ள ரோலின்ஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ், தம்முடன் வெளியேறிய சில ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கினார். ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளி மூடப்பட்டதும் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸும் நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸும் அதே ஆண்டு இங்கே ஆசிரியர்களாக வந்து சேர்ந்தனர். கட்டாயப் பாடம் என்று எதுவும் இல்லை. நிர்வாகம் ஆசிரியர்கள் கையில் இருந்தது. வயல், விறகு, கட்டட வேலை, பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றில் ஆசிரியர்களும் மாணவர்களும் பங்கேற்றனர். 24 ஆண்டுகளில் இங்கே படித்தவர்கள் சுமார் 1,200 பேர்தான்.

இக்கல்லூரியின் ஒளிப்படங்கள் பலவும் ஆஷ்வில்லில் உள்ள மாநில ஆவணக்காப்பகக் கிளையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கூட்டத்தில் ராபர்ட் ரோஷன்பெர்க் எங்கே, ஜான் கேஜ் எங்கே, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் எங்கே என்று விரல் நீட்டுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். பின்னாளில் புகழ் பெற்றவர்களைத் தேடுவதற்கான படங்களாக மட்டும் இவற்றைப் பார்ப்பது இவற்றுக்குச் செய்யும் அநீதி. ஒரு கல்விமுறை அன்றாடம் எப்படி நடந்தது என்பதற்கான சாட்சியாகவே இவற்றைப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது எல்லாப் படங்களும் ஒரே தரத்தில் இல்லை என்பதும் தெரிகிறது.

வேலை செய்யும் படங்கள்

கல்லூரி முதலில் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. 1937இல் ஈடன் ஏரிக்கரையில் நிலம் வாங்கினார்கள். புதிய வளாகத்துக்கு வால்டர் கிரோப்பியஸும் மார்சல் பிராயரும் வரைந்த திட்டத்துக்குப் பணம் போதவில்லை. லாரன்ஸ் கோக்கர் எளிமையாக வரைந்து தந்த நீண்ட கட்டடத்தை 1940, 41 ஆண்டுகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து எழுப்பினார்கள். கல் சுமப்பது, பலகை அறைவது, மண் தள்ளுவது என அந்த நாட்களின் படங்கள் நிறைய உண்டு.

இவை பார்க்க இனிமையானவை. ஆனால் இவற்றில் ஒரு விளம்பரத் தொனி இருக்கிறது. கல்லூரிக்கு எப்போதும் பணத்தட்டுப்பாடு. நன்கொடையாளர்களையும் புதிய மாணவர்களையும் ஈர்க்கவேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. ஆகவே உடலுழைப்பு உற்சாகமாகவே படங்களில் வருகிறது; சலிப்பும் சச்சரவும் வருவதில்லை. உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒருவரின் மேற்பார்வையில்தான் அந்தக் கட்டடம் எழுந்தது. புத்தகம் படித்த கைகள் தாமாகவே கட்டடம் கட்டிவிட்டன என்ற எண்ணத்தை இப்படங்கள் தந்துவிடக் கூடாது.

இவற்றைவிட மதிப்புள்ளது தோல்வியைக் காட்டும் படம். 1948 கோடையில் ஃபுல்லர் ஜன்னல் மறைப்புக்கான உலோகப் பட்டைகளைக் கொண்டு ஒரு பெரிய கூண்டு வடிவக் கூரையை எழுப்ப முயன்றார். அது எழவில்லை. தரையில் தொய்ந்து கிடந்த பட்டைகளையும் சுற்றி நின்றவர்களையும் கலை வரலாற்றாசிரியர் போமான்ட் நியூஹால் படம் எடுத்திருக்கிறார். அடுத்த கோடையில் வேறு பொருளால் செய்த கூரை நின்றது. அதன் சட்டத்தில் ஆட்கள் தொங்கும் படமும் இருக்கிறது. எல்லோரும் அச்சிடுவது இந்த இரண்டாவது படத்தை. முதல் படம் இல்லாமல் இரண்டாவது வெறும் வேடிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அங்கே நடந்தது பாடம் என்று புரியும்.

ஆல்பர்ஸ் பாடம் நடத்தும் படம் ஒன்று பலமுறை அச்சாகியிருக்கிறது. மாணவர்களின் வரைபடங்கள் தரையில் பரப்பப்பட்டிருக்கின்றன. மாணவர்கள் சுற்றி நிற்க, ஆசிரியர் தரையோடு தரையாகக் குனிந்திருக்கிறார். வகுப்பறையில் ஆசிரியரின் கண் மாணவரின் கண்ணுக்குக் கீழே இருப்பதைப் படத்தில் காண்பது அரிது. நம் பள்ளிகளின் ஆண்டிறுதிக் குழுப்படத்தில் தலைமையாசிரியர் நடு நாற்காலியில், சிறுவர்கள் கீழே சம்மணமிட்டு இருப்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். ஆனாலும் ஆல்பர்ஸ் கண்டிப்பானவர் என்றே அவருடைய மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். குனிந்திருப்பதைப் பணிவு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் படத்தைத் தவறாகப் படித்தவர்களாவோம்.

ஹேசல் லார்சன் ஆர்ச்சர்

இத்தொகுப்பின் உயிர் இவருடைய படங்களில் இருக்கிறது. 1921இல் மில்வாக்கியில் பிறந்த ஹேசல் லார்சன் பத்து வயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். 1944 கோடையில் மாணவியாக வந்தார். பின்னர் ஒளிப்படக்கலை ஆசிரியரானார். ரோஷன்பெர்க் அவரிடம் படித்தவர்களில் ஒருவர். ஆர்ச்சர் என்பது திருமணத்துக்குப் பின் வந்த பெயர்.

ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக வாழ்ந்த ஒருவர், நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் காற்றில் எழும் கணத்தைப் பிடித்த படங்களே அதிகம் பேசப்படுகின்றன. அவற்றில் உருவம் கலங்கியிருக்கும். கையும் காலும் தெளிவாகத் தெரியாது. அசைவைத்தான் அவர் எடுத்தார், ஆளை அல்ல. என் மதிப்பீட்டில் இவற்றைவிட உயர்ந்தது அவருடைய ‘அமைதி இல்ல’க் கதவுகளின் வரிசை. ஆசிரியர் தியோடர் டிரையர் இணையரின் சிறுவயது மகன் இறந்ததை அடுத்து, அவன் நினைவாக அலெக்ஸ் ரீட் என்ற மாணவர் கட்டிய சிறு கற்கட்டடம் அது. அதன் கதவுகளை ஆர்ச்சர் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். மனிதர் யாரும் இல்லை. ஒளி மாறுகிறது, கதவு திறந்திருக்கும் அளவு மாறுகிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் காத்திருந்து பார்ப்பது என்பதை ஆல்பர்ஸ் வகுப்பில் சொல்லாலும் பயிற்சியாலும் கற்பித்தார். ஆர்ச்சரின் இந்தப் படங்களில் அதைக் கண்ணால் காணலாம். ஒரு குழந்தையின் மரணம் அந்தச் சமூகத்தில் எப்படித் தங்கியிருந்தது என்பதையும் வேறு எந்த ஆவணமும் இவ்வளவு அடக்கமாகச் சொல்லவில்லை.

பின்னர் அவர் அரிசோனாவின் டூசானுக்குக் குடிபெயர்ந்து முதியோர் கல்வியில் ஈடுபட்டார். நெடுங்காலம் இந்தப் படங்களைப் பற்றிப் பேச ஆளில்லை. படத்தில் இருந்தவர்கள் உலகப்புகழ் பெற்றார்கள், எடுத்தவர் பெயர் ஒரு வரிக் குறிப்பாக நின்றது. 2001இல் அவர் மறைந்த பிறகே அவர் படங்கள் தனி நூலாக வந்தன.

படத்தில் வராதவை

கூட்டு உழைப்பின் அடையாளமாகக் காட்டப்படும் இக்கல்லூரியில் கூலிக்கு வேலை செய்தவர்களும் இருந்தார்கள். சமையலறையில் கறுப்பினச் சமையலாளர்கள் பணியாற்றினார்கள். மாணவர்கள் தட்டு துலக்கும் படத்தைப் பார்த்து மகிழ்பவர்கள், அந்தத் தட்டுக்கான சோற்றைச் சமைத்தவர் யார் என்று கேட்பதில்லை. நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த மாநிலம் அது. 1944 கோடையில்தான் முதல் கறுப்பின மாணவி அல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் சேர்க்கப்பட்டார். அதற்கே ஆசிரியர்களுக்குள் கடும் வாதம் நடந்தது. 1946இல் ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் கற்பிக்க வந்தார். வளாகத்தில் எடுத்த படங்களில் எல்லோரும் சமமாக அமர்ந்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே அப்படி அமர முடியாது என்பதைப் படம் சொல்லாது. பார்ப்பவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ரூத் அசாவாவின் படங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகப் போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட குடும்பம் அவருடையது. அதே காரணத்தால் மில்வாக்கியில் ஆசிரியப் பயிற்சியை முடிக்க முடியாமல் 1946இல் இங்கே வந்தார். கல்லூரியின் சலவைத் துணிகளில் குத்தும் எழுத்து முத்திரையைத் தாளில் மீண்டும் மீண்டும் குத்தி அவர் வடிவங்கள் செய்தார். சலவையறை வேலையும் ஓவியமும் வேறு வேறாக இல்லாத இடம் என்று இக்கல்லூரியைப் பற்றிச் சொல்லப்படுவதற்கு, சிரித்த முகத்தோடு மண்வெட்டி பிடித்த பத்துப் படங்களைவிட இந்த ஒரு தாள் நல்ல சான்று.

இறுதியாக ஒன்று. இக்கல்லூரியைப் பற்றி அதிகம் எழுதப்பட்ட நிகழ்ச்சி 1952 கோடையில் உணவுக்கூடத்தில் ஜான் கேஜ் நடத்தியது. கவிதை வாசிப்பு, பியானோ, நடனம், ரோஷன்பெர்க்கின் வெள்ளை ஓவியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில். அதற்கு ஒளிப்படம் கிடையாது. கண்டவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பங்கேற்ற எம். சி. ரிச்சர்ட்ஸ் பல்லாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து வரைந்த ஒரு படம் மட்டும் இருக்கிறது. அந்தக் கூடம் எப்படி இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, மேசைகள் எவ்வளவு பெரியவை என்பவற்றை, வேறு ஏதோ ஒரு நாளில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த படங்களிலிருந்துதான் நாம் அறிய வேண்டியிருக்கிறது.