நெஞ்சும் குறிப்பும்: வாட்ஸ்அப் இதயக்குறி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எமோஜிகளைத் தொல்காப்பிய மெய்ப்பாடுகளோடு ஒப்பிடுவது எளிதில் தோன்றும் கருத்து. அவ்வொப்புமை முகக்குறிகளுக்கு ஓரளவு பொருந்தினும் இதயக்குறிக்குப் பொருந்துவதில்லை. அதன் பொருளை இடமும் உறவுமே உறுதிசெய்கின்றன என்பதைச் சென்னை வழக்குகளின்வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இதயக்குறி, மெய்ப்பாடு, நெஞ்சு, குறிப்பறிதல், வாட்ஸ்அப்

முன்னுரை

1999-இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனம் வெளியிட்ட 176 எமோஜிகளிலேயே இதயம் இடம்பெற்றிருந்தது. 2010-இல் யூனிகோடு 6.0 வண்ண இதயங்களைப் பொதுக் குறியேற்றத்துள் கொணர்ந்தது. 2022 மே மாதத்தில் வாட்ஸ்அப், செய்திகளுக்கு எதிர்வினையாக இடத்தக்க ஆறு குறிகளை அறிமுகம் செய்தது. அவை கட்டைவிரல், இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கூப்பிய கை என்பன. விருப்பம், நன்றி, ஏற்பு, இரங்கல் ஆகிய யாவும் ஒரே தொடுகையில் சிவப்பு இதயமாகிவிடும் நிலையில், பெறுபவர் அதனை எவ்வாறு பொருள்கொள்வது என்னும் வினா எழுகிறது.

மெய்ப்பாடும் இதயக்குறியும்

தொல்காப்பியர் சுட்டும் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை, அழுகை, மருட்கை ஆகிய மூன்றும் மேற்கூறிய ஆறனுள் முகமாக இடம்பெறுகின்றன. கட்டைவிரலும் கூப்பிய கையும் உடற்சைகைகள். எஞ்சி நிற்கும் இதயம் முகமும் அன்று, சைகையும் அன்று. பிறர் கண்ணுக்குப் புலனாகும் உறுப்பும் அன்று. அதனை உவகையின் குறி எனக் கொள்ளலாமோ எனின், இரங்கற் செய்திக்கும் அது இடப்படுவதால் அவ்விடை நிலைபெறவில்லை. மேலும், மெய்ப்பாடு உள்ளத்து நிகழ்வு உடல்வழித் தானே வெளிப்படுவது. எமோஜியோ அனுப்புபவர் தேர்ந்து இடுவது.

நெஞ்சு என்னும் தூது

இதயக்குறிக்கு அணுக்கமான மரபு அகப்பாடல்களின் நெஞ்சே எனலாம். திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் (125), நெஞ்சொடு புலத்தல் (130) என இரு அதிகாரங்கள் உள்ளன. உமாபதி சிவம் நெஞ்சையே தூதாக்கி ‘நெஞ்சுவிடு தூது’ பாடினார். இம்மரபில் நெஞ்சு உடையவரை விட்டு நீங்கிச் செல்ல வல்லது. தன் நெஞ்சு தனக்குத் துணைநில்லாது தலைவன்பால் சென்றது என்பதே புலத்தலுக்குக் காரணம். அனுப்பப்பட்ட இதயக்குறியும் அவ்வாறே அனுப்பியவர் கருத்தினின்று நீங்கிப் பெறுபவர் கருத்துக்கு உரியதாகிறது. எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. நெஞ்சொடு பேசியது தனிமைக்கு உரியது. குழுவில் இட்ட இதயத்தையோ அனைவரும் காண்பர்.

சென்னை வழக்கு

மஞ்சள் இதயம் நட்பைக் குறிக்கும் என்பது இணைய விளக்கங்களில் பரவலாகக் காணப்படுவது. சென்னையிலோ அது பெரிதும் 2008 முதல் சேப்பாக்கத்தை இல்லமாகக் கொண்ட சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் நிறம். கறுப்பும் சிவப்பும் அடுத்து வரின், 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் கொடி நினைவுக்கு வரும். நீலம் அம்பேத்கரியச் சார்பை உணர்த்தும். இவ்விடங்களில் இதயம் காதலைக் குறிக்காமல் சார்பைக் குறிக்கிறது. இது புதிதும் அன்று. 1969-இல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி பாடிய இரங்கற்பாவின் தலைப்பே ‘இதயத்தைத் தந்திடு அண்ணா’ என்பதாகும்.

தனித்த சிவப்பு இதயமே மிகுந்த மயக்கம் தருவது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாப் படத்திற்கு இடப்படும் இதயம் பக்தியாகலாம். தியாகராயநகர்த் துணிக்கடை அனுப்பிய புடவைப் படத்திற்கு வாடிக்கையாளர் இடும் இதயம் ‘பிடித்திருக்கிறது’ என்பதாகலாம். கடைக்காரர் அதனை ‘எடுத்து வையுங்கள்’ எனக் கொள்ளவும் கூடும். அடையாற்று அலுவலகமொன்றில் மேலாளர் செய்திக்குப் பெண் ஊழியர் இடும் இதயம் பணிவான நன்றியாகலாம்.

குறிப்பறிதல்

குறிப்பறிதல் என்னும் தலைப்பு திருக்குறளில் இருமுறை வருகிறது. பொருட்பாலில் அது 71-ஆம் அதிகாரம். காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரம். தலைப்பு ஒன்றாயினும் அவைக்களக் குறிப்பும் காதற்குறிப்பும் வேறுவேறு என்பதை நூலமைப்பே காட்டுகிறது. இரு அதிகாரங்களிலும் குறிப்பை அறிய முகமும் கண்ணும் துணைநிற்கின்றன. வாட்ஸ்அப்பில் அத்துணை இல்லை; முன்பின் உரையாடலும் உறவுமே எஞ்சுகின்றன.

குறியைப் பிறழப் படிப்பது வாழ்வாதாரத்தையும் பாதிக்கும். உயரதிகாரி ஒருவர் கொல்லப்பட்டது குறித்த வாட்ஸ்அப் செய்திக்குக் கட்டைவிரல் குறி இட்ட ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அக்குறி கொலையைக் கொண்டாடுவது ஆகாது, செய்தியைக் கண்டதற்கான ஒப்புதலாகவும் அமையலாம் என்னும் நோக்கில், அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் உறுதிசெய்தது. நீதிமன்றம் குறியின் அகராதிப் பொருளோடு நில்லாது, அது இடப்பட்ட சூழலையும் கருதியது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இதயக்குறிக்கு நிலைத்த பொருள் வகுக்கும் முயற்சி பிறழ்வாசிப்புக்கே துணைபோகும். பணியிடத்தில் பெண் ஒருவர் நன்றியாக இட்ட சிவப்பு இதயத்தை ஆண் ஒருவர் இசைவு எனக் கொள்வது, 71-ஆம் அதிகாரச் சூழலை 110-ஆம் அதிகாரத்தால் படிப்பதாகும். அப்பிழைக்குக் குறியை இட்டவரைப் பொறுப்பாக்குதல் முறையன்று. குறிப்பறிதல் அறிபவரின் கடமை என்பதே அவ்விரு அதிகாரங்களின் தலைப்பும் உணர்த்துவது.