இரண்டு நிமிட மௌனமும் பாஸ்ரா சுவரும்

முதல் உலகப் போரில் சண்டை நின்ற நாளான நவம்பர் 11 அன்று, ஒவ்வோர் ஆண்டும் காலை 11 மணிக்கு பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகள் பலவும் போரில் மாண்டவர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காக்கின்றன. 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேண்டுகோளாகத் தொடங்கிய வழக்கம் இது. போரில் இறந்தோரை ஒரு நாடு எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு இன்று இதுவே பெரும்பாலோர் மனத்தில் உள்ள முன்மாதிரி. முன்மாதிரியாகிவிட்ட ஒன்றின் முன் தலைகுனிந்து நிற்பது எளிது. ஆனால் இந்த நினைவேந்தல் தன் அளவுகோல்களைத் தானே எழுத்தில் வைத்திருக்கிறது. அவற்றைக் கொண்டே இதை எடைபோடுவதுதான் நியாயம்.

1917இல் ஃபேபியன் வேரின் முயற்சியால் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம் உருவானது. இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதன் வழிவந்ததே. அதற்காக ஃப்ரெடரிக் கென்யன் 1918இல் அளித்த அறிக்கையின் அடிப்படை தெளிவானது: தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், பதவி, குலம், செல்வம் எதுவும் கல்லின் உயரத்தை மாற்றக் கூடாது. உடல்கள் தாயகம் கொண்டுவரப்பட மாட்டா என்ற முடிவும் இதோடு சேர்ந்தது. வசதியுள்ள குடும்பம் மகனின் உடலை வரவழைத்து மண்டபம் கட்ட, வசதியில்லாத குடும்பம் வெறுங்கையோடு நிற்பதை ஆணையம் ஏற்கவில்லை. 1920இல் நாடாளுமன்றத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மகனின் கல்லறையை எப்படி அமைப்பது என்று முடிவு செய்யும் உரிமையைப் பெற்றோரிடமிருந்து அரசு பறிக்கிறது என்ற அந்த எதிர்ப்பில் வலுவும் இருந்தது. ஆயினும் ஆணையம் அசையவில்லை. ஒரு பேரரசு தன் வரலாற்றில் சமத்துவத்தின் பக்கம் இவ்வளவு பிடிவாதமாக நின்ற தருணங்கள் மிகச் சில.

இந்தக் கொள்கைக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ். 1919 ஜூலையில் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்காக மரத்தாலும் சாந்தாலும் அவர் தற்காலிகமாக எழுப்பிய செனோடாஃப் என்ற நினைவுச்சின்னத்தின் அடியில் மக்கள் மலர்களைக் குவித்தார்கள். அந்த மலர்களே அதை நிலைபெறச் செய்தன. 1920 நவம்பர் 11 அன்று போர்ட்லாண்ட் கல்லில் அதே வடிவம் திறக்கப்பட்டது. அதில் சிலுவை இல்லை, வீரனின் சிலை இல்லை. உச்சியில் உள்ளீடற்ற ஒரு கல்லறைப் பெட்டி மட்டும். நேர்க்கோடுகளாகத் தெரியும் அதன் பக்கங்கள் உண்மையில் நேரானவை அல்ல. செங்குத்துக் கோடுகளை மேலே நீட்டினால் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் அவை சந்திக்கும். கிடைக்கோடுகளோ தரைக்கு வெகு ஆழத்தில் மையம் கொண்ட வட்டத்தின் வில்கள். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது; கல் தன்னைத் தாங்கி நிற்கிறது என்ற உணர்வு மட்டும் வரும். பல மதத்தவர் மாண்ட ஒரு போருக்கு எந்த மதத்தின் அடையாளத்தையும் முன்னிறுத்தாமல் அழுத்தமான நினைவுச்சின்னம் எழுப்பியது சாதனைதான். அதைச் சாதனை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மௌனத்தின் பெருமையும் இந்த வகையைச் சேர்ந்ததே. உரைகளால் சிதைந்துபோகும் நினைவு நாட்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இரண்டு நிமிடத்தில் யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. கணவனை இழந்தவளுக்கும், போரையே குற்றமெனக் கருதுபவருக்கும், படையில் பெருமை கொள்பவருக்கும் அந்த இடைவெளியில் இடமுண்டு. ஆனால் அதன் குறையும் இங்கேதான் இருக்கிறது. எல்லோருக்கும் இடம் தரும் மௌனம், அனுப்பியவரையும் அனுப்பப்பட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்வியை எழுப்பாமல் விட்டுவிடுகிறது. நவம்பர் 11ஐ ஒட்டி வரும் நினைவு ஞாயிறு அன்று செனோடாஃபில் மன்னரும் பிரதமரும் கட்சித் தலைவர்களும் முதலில் மலர்வளையம் வைக்கிறார்கள். போரிட்டவர்கள் பின்னர் அணிவகுத்துச் செல்கிறார்கள். இந்த வரிசைமுறை கென்யன் அறிக்கையின் உள்ளுணர்வுக்கு எதிரானது. கல்லில் மறுக்கப்பட்ட பதவி, சடங்கில் திரும்பி வந்துவிட்டது.

சமத்துவக் கொள்கையிலும் நுண்ணிய விரிசல்கள் தொடக்கத்திலேயே இருந்தன. கல்லின் அடியில் குடும்பத்தார் தமது சொற்களைப் பொறித்துக்கொள்ளலாம். 66 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. இரக்கமுள்ள ஏற்பாடுதான். ஆனால் முதலில் எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் கட்டணம் கேட்கப்பட்டது. பின்னர்தான் அது விரும்பினால் செலுத்தலாம் என்றானது. நியூஸிலாந்து அரசு இந்தச் சலுகையே வேண்டாமென்று மறுத்தது. தன் வீரர்களின் கற்களுக்கிடையே எந்த வேறுபாடும் வேண்டாம் என்பது அதன் நிலைப்பாடு. கொள்கையை அதன் கடைசி எல்லை வரை கொண்டுசென்றது நியூஸிலாந்துதான். அதற்கு அந்நாட்டுத் தாய்மார்கள் கொடுத்த விலை சிறியதல்ல.

உடல் கிடைக்காதவர்களுக்கான சுவர்களில் இன்னொரு முறைமைச் சிக்கல். பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள், படைப்பிரிவு வாரியாகவும் அதற்குள் பதவி வாரியாகவும் அடுக்கப்பட்டுள்ளன. 1982இல் வாஷிங்டனில் மாயா லின் எழுப்பிய வியட்நாம் நினைவுச் சுவரில் பெயர்கள் இறந்த நாளின் வரிசையில் வருகின்றன. அதை ஒட்டி நடப்பவர் போரின் போக்கையே நடந்து கடக்கிறார். முறை என்ற அளவில் லின்னின் சுவர் மெனினை மிஞ்சுகிறது. ஆனால் மெனினில் 1928 முதல் நாள்தோறும் இரவு 8 மணிக்கு எக்காளம் ஒலிக்கிறது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் மட்டுமே அது அங்கே நின்றது. ஆண்டுக்கொரு நாள் என்ற வழக்கத்தை ஒரு ஊர் தன் அன்றாடக் கடமையாக ஏற்றுக்கொண்டதற்கு இணையாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

இதுவரை சொன்ன குறைகள் எல்லாம் மன்னிக்கத் தக்கவை. அடுத்தது அப்படியல்ல.

பிரான்ஸின் நவ் ஷபேலில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய நினைவுச்சின்னம் 1927இல் திறக்கப்பட்டது. அங்கே சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் உள்ளன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1929இல், மெசபடோமியாவில் (இன்றைய இராக்) மாண்டவர்களுக்காக பாஸ்ராவில் அதே ஆணையம் ஒரு சுவரை எழுப்பியது. அங்கே பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவருக்கும் பெயருண்டு; இந்திய அதிகாரிகளுக்கும் பெயருண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் கீழ் ஒரு எண்ணிக்கை மட்டும். ஒரே ஆணையம், ஒரே படை, ஒரே பத்தாண்டு. ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் பெயர். படாத இடத்தில் தொகை. ஆவணங்கள் இல்லாமல் போயின என்று இதற்குச் சமாதானம் சொல்வது கடினம். எண்ணிக்கையைக் கல்லில் வெட்ட முடிந்தது என்றால், யாரோ ஒரு பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணியிருக்க வேண்டும். மெசபடோமியாவில் பணியாற்றிய படைகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் உண்டு என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். படைகளுக்காகச் சுமை தூக்கி மாண்டவர்கள் பல்லாயிரவர். நைரோபியிலும் மொம்பாசாவிலும் தாருஸ்ஸலாமிலும் அவர்களுக்கும் ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குமாகப் பொதுச் சிலைகள் நின்றன, பெயர்கள் இல்லை. தனிக் கல்லின் மதிப்பு அந்த மக்களுக்குப் புரியாது என்று காலனி அதிகாரிகள் வாதிட்டார்கள், ஆணையம் ஒப்புக்கொண்டது. இறந்தவனின் தாயிடம் யாரும் கேட்கவில்லை. 2021 ஏப்ரலில் ஆணையத்தின் சிறப்புக் குழுவே இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது: 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயராலோ அல்லது எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். தன் தவற்றைத் தானே தோண்டி எடுத்து வெளியிட்ட அந்த நேர்மைக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். அது நூறாண்டு தாமதமானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2014இல் லண்டன் கோபுரத்தின் அகழியில் 8,88,246 பீங்கான் பாப்பி மலர்கள் நடப்பட்டன, பிரிட்டிஷ், காலனிப் படைகளில் மாண்டவர் ஒருவருக்கு ஒரு மலர் என்ற கணக்கில். காட்சியாக அது மறுக்க முடியாத அழகு. ஆனால் இவ்வளவு துல்லியமான ஒரு எண், எண்ணப்படாதவர் யாரும் இல்லை என்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது. ஏழே ஆண்டுகளில் ஆணையத்தின் சொந்த அறிக்கை அந்தத் தோற்றத்தைக் கலைத்தது. மாண்டோர் நினைவாகச் சட்டையில் குத்தும் சிவப்புப் பாப்பியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நிதி திரட்டலாகத் தொடங்கியது, அணியாதவரைச் சந்தேகிக்கும் சோதனையாகச் சிலர் கையில் மாறியிருக்கிறது. 1933 முதல் அமைதியின் அடையாளமாக வெள்ளைப் பாப்பி அணிபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சென்னை நந்தம்பாக்கத்தில் மவுண்ட் பூந்தமல்லி சாலையோரம் இந்த ஆணையம் பராமரிக்கும் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட 856 பேரின் கல்லறைகள் உள்ளன. பின்புறச் சுவரில் முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல இடங்களில் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள். கொள்கை முழுமையாகச் செயல்படும்போது எப்படி இருக்கும் என்பதை அங்கே போய்ப் பார்க்கலாம்: கல்லறையைப் பராமரிக்க முடிந்தவருக்குக் கல், முடியாதவருக்குச் சுவரில் பெயர். பாஸ்ராவில் மறுக்கப்பட்டது இதுதான்.

நவம்பர் 11 நினைவேந்தலின் வடிவம் உயர்ந்தது. மௌனமும் செனோடாஃபும் ஒரே அளவுக் கல்லும் காக்கப்பட வேண்டியவை. ஆனால் மாண்டவர் அனைவரும் சமம் என்ற அதன் கூற்று ஒரு நூற்றாண்டுக் காலம் உண்மையாக இருந்ததில்லை. பாஸ்ராவின் எண்ணிக்கைகள் இருக்கும் இடத்தில் சிப்பாய்களின் பெயர்கள் ஏறி, ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகளில் கண்டறியக்கூடிய ஒவ்வொருவரும் பெயரோடு பதிவாகும் வரை, அந்தக் கூற்றைச் சாதனையாக ஏற்பதற்கில்லை.